வானத்தின் கணக்கு – 14: கசிந்த வாயு, மிதந்த புகை

சென்ற வாரம் மரியோ மோலினாவும் ஷெர்வுட் ரோலண்டும் 1974-ல் வெளியிட்ட கட்டுரையோடு நிறுத்தியிருந்தோம். ஃப்ரிட்ஜ், ஏசி, ஸ்ப்ரே டப்பா இவற்றிலிருந்து வெளியேறும் சி.எஃப்.சி. வாயு ஸ்ட்ரேடோஸ்பியர் வரை ஏறிப்போய், அங்கே புற ஊதாக் கதிர் பட்டு உடைந்து, ஓசோனைத் தின்கிறது என்று எச்சரித்த கட்டுரை அது. வேதியியலாளர்கள் அந்த ஓசோன் கணக்கில் மூழ்கியிருந்தார்கள். அமெரிக்காவின் வர்ஜீனியாவில், நாசாவின் லாங்லி ஆய்வு மையத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு தமிழ் இளைஞர் மட்டும் வேறொரு கேள்வியைப் போட்டுக்கொண்டார். மேலே போய் ஓசோனை அழிப்பது இருக்கட்டும். அதற்கு முன்னால் பல ஆண்டுகள் காற்றில் தங்குகிறதே, அந்தக் காலத்தில் இந்த வாயு பூமியின் வெப்பத்தை என்ன செய்கிறது?

அவர் வீரபத்திரன் ராமநாதன். இந்தத் தொடரைத் தொடங்கிய நாளிலிருந்தே எப்போது அவரிடம் வந்து சேர்வோம் என்று காத்திருந்தேன். கார்பன் டை ஆக்சைடு என்ற பெரிய கணக்கையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தபோது, காற்றில் துளித்துளியாகக் கலந்திருக்கும் மற்றவற்றை எடுத்து எண்ணிக் காட்டியவர் அவர். அந்தத் துளிகளில்தான் நாம் சீக்கிரம் கைவைக்க முடியும் என்று விடாமல் சொல்லிவருபவரும் அவரே.

1944-ல் பிறந்தவர். தமிழில் படித்துக்கொண்டிருந்த பையனைப் பதினொரு வயதில் குடும்பம் பெங்களூருக்கு அழைத்துக்கொண்டு போனது. அங்கே பாடமெல்லாம் ஆங்கிலத்தில். வாத்தியார் சொல்வது விளங்கவில்லை. நன்றாகப் படித்துவந்தவர் வகுப்பில் பின்தங்கிப்போனார். சொல்லிக்கொடுப்பதைக் கேட்டுப் பயனில்லை என்று ஆனதும், எதையும் தானே யோசித்துத் தெரிந்துகொள்ளும் பழக்கம் அப்போதுதான் வந்தது என்று பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் 1965-ல் பொறியியல் பட்டம் வாங்கினார். அடுத்து செகந்திராபாத்தில் குளிர்பதனத் தொழிற்சாலை ஒன்றில் வேலை. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு 'கேஸ் போயிடுச்சு' என்று சொல்வாரே, அந்த கேஸ் ஏன் போகிறது, எங்கே கசிகிறது என்று கண்டுபிடிப்பதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட பொறுப்பு. அந்தக் காலத்து ஃப்ரிட்ஜில் கசிந்துகொண்டிருந்தது சி.எஃப்.சி.

அந்த வேலையில் அவர் நிலைக்கவில்லை. பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் மேற்படிப்பு, பிறகு 1970-ல் நியூயார்க் மாநிலத்தின் ஸ்டோனி ப்ரூக் பல்கலைக்கழகம். பொறியியல் ஆராய்ச்சி செய்யலாம் என்று போனார். போய்ச் சேர்ந்தால், வழிகாட்டியான ராபர்ட் செஸ் பொறியியலை விட்டுவிட்டுக் கோள்களின் வளிமண்டலத்துக்கு மாறியிருந்தார். மாணவரும் கூடவே மாறினார். ஒரு கோளுக்குள் எவ்வளவு வெப்பம் வருகிறது, எவ்வளவு திரும்பிப் போகிறது என்று வரவு செலவு எழுதும் வித்தை அங்கே அவர் கைக்கு வந்தது. கசிவைத் தேடிய அனுபவமும் இந்த வித்தையும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்தது பூமிக்கு நல்லதாகப் போயிற்று.

அவர் கண்டுபிடித்தது என்ன என்று சற்று நின்று பார்த்துவிட வேண்டும். வெயிலில் சூடாகும் பூமி அந்தச் சூட்டை அகச்சிவப்புக் கதிர்களாக வானத்துக்குத் திருப்பி அனுப்புகிறது. நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் அவற்றில் பெரும்பகுதியை வழிமறித்துவிடுகின்றன. ஆனால் 8 முதல் 12 மைக்ரோமீட்டர் வரையிலான அலைநீளங்களை இரண்டுமே பெரிதாகத் தொடுவதில்லை. கோடை இரவில் எல்லாக் கதவையும் சாத்திவிட்ட வீட்டில் ஒரு ஜன்னல் மட்டும் திறந்திருப்பதுபோல, பூமியின் சூடு அந்த வழியாகத் தடையில்லாமல் வெளியேறுகிறது. ராமநாதன் கணக்குப் போட்டுப் பார்த்தபோது, சி.எஃப்.சி. மூலக்கூறு சரியாக அந்த ஜன்னலில் வந்து நிற்பது தெரிந்தது. கார்பன் டை ஆக்சைடு தன்னுடைய அலைநீளங்களை ஏற்கெனவே அடைத்துவிட்டதால், அதில் இன்னொரு மூலக்கூறு கூடினால் விளைவு சிறிதளவே கூடும். சி.எஃப்.சி. காலியிடத்தில் வந்து உட்காருவதால் ஒவ்வொரு மூலக்கூறும் முழு வேலை செய்கிறது. ஒரு சி.எஃப்.சி. மூலக்கூறு, சுமார் பத்தாயிரம் கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகளுக்குச் சமம்.

1975 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் அந்தக் கட்டுரை வந்தது. எழுதியவர் அவர் ஒருவர்தான். வயது முப்பது. நூறு கோடி காற்று மூலக்கூறுகளுக்கு நடுவே இந்த வாயு இரண்டே இரண்டு என்ற அளவுக்குச் சேர்ந்தால்கூட உலகின் வெப்பநிலை கண்ணுக்குத் தெரியும்படி உயரும் என்றார். இவ்வளவு சொற்பமான ஒன்று பூமியைச் சூடாக்கும் என்பதை அதுவரை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

அதன் பிறகு மீத்தேன், நைட்ரஸ் ஆக்சைடு என்று ஒவ்வொன்றாகக் கணக்குக்குள் வந்தன. 1985-ல் ரால்ஃப் சிசரோன் உள்ளிட்ட மூவரோடு சேர்ந்து ராமநாதன் எழுதிய நீண்ட ஆய்வு, இந்தச் சில்லறை வாயுக்கள் எல்லாம் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடுக்கு இணையான வெப்பத்தை உண்டாக்கக்கூடும் என்று காட்டியது. அப்படியானால் உலகம் நினைத்ததைவிட வேகமாகச் சூடாகப்போகிறது என்று பொருள். அதற்கு முன்பே, 1980-ல், ரோலண்ட் மேடனோடு சேர்ந்து ஒரு துணிச்சலான காரியம் செய்திருந்தார். புவி வெப்பமாதல் 2000-வது ஆண்டுக்குள், இயற்கையான ஏற்ற இறக்கங்களைத் தாண்டி, தெளிவாகத் தெரியத் தொடங்கும் என்று எழுதினார்கள். விஞ்ஞானிகள் ஆண்டைக் குறிப்பிட்டுச் சொல்வது அரிது, ஏனென்றால் அந்த ஆண்டு வந்தே தீரும். வந்தது. 2001-ல் ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் அறிக்கை அதை உறுதி செய்தது.

ஓசோன் விஷயத்திலும் அவர் பங்கு உண்டு. நாம் ஓசோன் என்றாலே மேலே இருக்கும் கவசத்தை மட்டும் நினைக்கிறோம். வாகனப் புகையிலும் ஆலைப் புகையிலும் வரும் நைட்ரஜன் ஆக்சைடுகளும் ஹைட்ரோகார்பன்களும் வெயிலில் வேதிவினை புரிந்து, நாம் மூச்சுவிடும் காற்றிலேயே ஓசோனை உண்டாக்குகின்றன. அது நுரையீரலை அரிக்கும், பயிரின் இலையைக் கருக்கும். ஜாக் ஃபிஷ்மன், பால் குருட்சன் முதலியோருடன் 1979-ல் ராமநாதன் எழுதிய கட்டுரை, இந்தக் கீழ் ஓசோன் ஒரு பசுமைக்குடில் வாயுவும்கூட என்பதைக் கவனத்துக்குக் கொண்டுவந்தது. மேலே குறைந்தால் கேடு, கீழே கூடினால் கேடு.

மேகங்களைப் பற்றிய அவருடைய ஆராய்ச்சிக்குத் தனி அத்தியாயமே எழுதலாம். ஒரு வரியில் சொல்வதானால், 1984-ல் தொடங்கிய செயற்கைக்கோள் அளவீடுகளை வைத்து, மேகங்கள் மொத்தத்தில் பூமியைக் குளிர்விக்கின்றன என்று 1989-ல் அவர் குழு நிறுவியது. அடுத்த ஆண்டு கலிபோர்னியாவின் ஸ்க்ரிப்ஸ் கடலியல் கழகத்துக்கு மாறினார். அங்கிருந்துதான் இந்தியப் பெருங்கடலுக்கு வந்தார்.

மார்கழி, தை மாதங்களில் காற்று நம் பக்கம் எப்படி வீசும் என்று நமக்குத் தெரியும். வடகிழக்கிலிருந்து, நிலத்திலிருந்து கடலை நோக்கி. தெற்காசியா முழுவதும் எரித்த புகை அந்தக் காற்றில் ஏறி இந்தியப் பெருங்கடல்மேல் போகிறது. ஜனவரியிலிருந்து மார்ச் வரை கழுவித் தள்ள மழையும் அதிகமில்லை. 1999-ல் அதே மூன்று மாதங்களைத் தேர்ந்தெடுத்து, ராமநாதனும் ஓசோன் ஆய்வுக்காக நோபல் பரிசு பெற்றிருந்த குருட்சனும் தலைமை ஏற்று, 'இண்டோயெக்ஸ்' என்ற பெரும் ஆய்வை நடத்தினார்கள். அமெரிக்கா, ஐரோப்பா, இந்தியா, மாலத்தீவு என்று பல நாடுகளிலிருந்து இருநூறுக்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் வந்தார்கள். மாலத்தீவிலிருந்து விமானங்கள் பறந்தன. கடலில் இந்தியாவின் 'சாகர் கன்யா' உள்ளிட்ட ஆய்வுக் கப்பல்கள் போயின. நிலப்பரப்பிலிருந்து சுமார் 500 கிலோமீட்டர் தள்ளி, காஷிது என்ற சின்னத் தீவில் ஒரு காற்று ஆய்வகம் இரவு பகலாக ஓடியது.

ஆலை இல்லை, நெடுஞ்சாலை இல்லை. சுற்றிலும் தென்னையும் நீலக் கடலும். அப்படிப்பட்ட தீவில் காற்றை உறிஞ்சி வடிகட்டினால் வடிதாளில் கரி படிந்தது. கடல்மேல் மூன்று கிலோமீட்டர் உயரம் வரை பழுப்பு நிறப் புகைமூட்டம் நின்றது. கப்பல்கள் தெற்கே போகப் போக, நிலநடுக்கோட்டைத் தாண்டி இரு அரைக்கோளக் காற்றுகளும் சந்திக்கும் மழைமேகப் பட்டையைக் கடந்ததும், காற்று கழுவிவிட்டதுபோல் தெளிந்தது. அந்தப் பட்டைக்கு வடக்கே நம் புகை, தெற்கே சுத்தமான பெருங்கடல் காற்று. ஒரே பயணத்தில் இரண்டையும் அளந்து ஒப்பிட முடிந்தது இந்த ஆய்வுக்குக் கிடைத்த பெரிய வாய்ப்பு.

காற்றில் மிதக்கும் இந்த நுண்துகள்களைத்தான் ஏரோசால் என்கிறோம். நிலக்கரியிலும் டீசலிலும் இருக்கும் கந்தகம் சல்பேட் துகளாகிறது. அது வெண்மையானது, வெயிலைத் திருப்பி அனுப்பிவிடும். விறகு, வறட்டி, டீசல் இவை சரியாக எரியாதபோது வருவது கரித்துகள். அது வெயிலை விழுங்கித் தானும் சூடாகி, சுற்றியுள்ள காற்றையும் சூடாக்கும். இந்தியப் பெருங்கடல்மேல் இருந்தது இரண்டும் கலந்த கலவை. இந்திய அறிவியல் கழகத்தின் எஸ்.கே. சதீஷும் ராமநாதனும் 2000-ல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட முடிவு எனக்கு இந்த ஆய்விலேயே முக்கியமானதாகப் படுகிறது. விண்வெளியிலிருந்து பார்த்தால் புகைமூட்டத்தின் குளிர்விக்கும் விளைவு சிறியது. கீழே, கடல் மேற்பரப்பில், வெயில் குறைந்த அளவு அதைப்போல் மூன்று மடங்கு. இடையில் உள்ள வித்தியாசம் எங்கே போயிற்று? நடுவில் இருக்கும் காற்றைச் சூடாக்கப் போயிற்று.

இதன் பின்விளைவு மழையில் தெரியும். கடலுக்கு வந்துசேர வேண்டிய வெயிலில் சுமார் 10 சதவீதம் குறைந்தால் நீர் ஆவியாவது குறையும். புகை மூடிய வடபகுதிக் கடல் குளிர்ந்து, தெளிந்த தென்பகுதிக் கடல் சூடாகிக்கொண்டே போனால், இரண்டுக்கும் இடையிலான வெப்ப வித்தியாசம் மாறும். அந்த வித்தியாசத்தில் ஓடுவதுதான் நம் தென்மேற்குப் பருவமழை. 'பழுப்பு மேகம்' என்று அழைக்கப்பட்ட இந்தப் புகைமூட்டம் பருவமழைச் சுழற்சியை வலுவிழக்கச் செய்கிறது என்று 2005-ல் ராமநாதன் குழு எழுதியது. அடுத்த ஆண்டு பொருளியலாளர்களோடு சேர்ந்து நெல் விளைச்சலைக் கணக்கிட்டார்கள். பழுப்பு மேகமும் பசுமைக்குடில் வாயுக்களும் இல்லாதிருந்தால், 1985 முதல் 1998 வரையிலான காலத்தில் இந்தியாவின் மானாவாரி நெல் அறுவடை சுமார் 14 சதவீதம் கூடுதலாக இருந்திருக்கும் என்று வந்தது. வானம் பார்த்த பூமியில் விதைத்த குடும்பத்துக்கு அந்த 14 சதவீதம் என்பது கடன் அடைந்த வருஷத்துக்கும் அடையாத வருஷத்துக்கும் உள்ள வித்தியாசம்.

இங்கே ஒரு சர்ச்சையையும் சொல்ல வேண்டும். 2002-ல் ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு இந்த ஆய்வுகளைத் தொகுத்து வெளியிட்ட அறிக்கைக்கு 'ஆசியப் பழுப்பு மேகம்' என்று பெயர் வைத்தது. இந்தியாவில் கடும் எதிர்ப்பு கிளம்பியது. ஜெ. ஸ்ரீநிவாசன், சுலோசனா காட்கில் என்ற இரு மூத்த விஞ்ஞானிகள் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் நேரடியாகவே மறுத்து எழுதினார்கள். புகைமூட்டம் சில மாதங்களுக்கு மட்டும் இருப்பது, ஆசியாவுக்கு மட்டும் உரியதும் அல்ல, பிறகு ஏன் இந்தப் பெயர் என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. பணக்கார நாடுகள் நூறாண்டுக்கு மேல் எரித்துத் தள்ளிய கார்பனைப் பற்றிய பேச்சில், ஏழை வீட்டு அடுப்பைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறார்களோ என்ற சந்தேகத்துக்கும் காரணம் இருந்தது. பின்னர் 'ஆசிய' என்ற அடைமொழி போய் 'வளிமண்டலப் பழுப்பு மேகம்' ஆயிற்று. ஆனால் பெயரைத் திருத்திய பிறகும் வடிதாளில் படிந்த கரி அப்படியேதான் இருந்தது. அதை முதலில் சுவாசிப்பவர்கள் நாம்தான். இந்த அளவீடுகளை இந்தியாவுக்கு எதிரானவையாகப் பார்ப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

விமர்சகர்களுக்கு ராமநாதன் மேலும் அளந்தே பதில் சொன்னார். 2006 மார்ச்சில் மாலத்தீவின் ஹனிமாது தீவிலிருந்து சின்னஞ்சிறு ஆளில்லா விமானங்களைப் பறக்கவிட்டார். மூன்று விமானங்கள், ஒன்றன்மேல் ஒன்றாக. ஒன்று புகைமூட்டத்துக்குக் கீழே, ஒன்று உள்ளே, ஒன்று மேலே, ஒரே இடத்தில் ஒரே சமயத்தில். மேலே போகும் விமானம் வருகிற வெயிலை அளக்கும், கீழே போகும் விமானம் எஞ்சி வருவதை அளக்கும், நடுவில் போவது எந்தத் துகள் அதை விழுங்குகிறது என்று பார்க்கும். அன்றைக்கு அறிவியலுக்கு ட்ரோன் என்பது புதிது. அத்தனை கருவிகளையும் சில கிலோ எடைக்குள் சுருக்க வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டு 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. பழுப்பு மேகத்தால் கீழ் வளிமண்டலம் வெயிலிலிருந்து வாங்கும் சூடு சுமார் 50 சதவீதம் கூடியிருந்தது. அந்தச் சூடு இமயமலையின் பனியாறுகள் இருக்கும் உயரம் வரைக்கும் எட்டுகிறது என்றும் அவர்கள் எழுதினார்கள்.

இவ்வளவு கரியும் எங்கிருந்து வருகிறது? புகையில் இருக்கும் கார்பனுக்கு வயது பார்க்க முடியும். நிலக்கரி, டீசல் என்றால் அது கோடிக்கணக்கான ஆண்டுகள் பழையது, கதிரியக்கக் கார்பன் துளியும் மிஞ்சியிராது. நேற்று வெட்டிய விறகு என்றால் இருக்கும். சுவீடனைச் சேர்ந்த ஓர்யன் குஸ்டாஃப்சன் குழு ஹனிமாதுவிலும் புணே அருகே சிங்ககட்டிலும் எடுத்த மாதிரிகளை இப்படிச் சோதித்து 2009-ல் சொன்னது: கரியில் பாதியிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு வரை விறகு, வறட்டி, பயிர்த்தாள் எரிப்பதால் வருவது.

ஆக, கணக்கு அடுப்படியில் வந்து நின்றது. விறகடுப்பு எரிந்த வீடுகளைப் பார்த்தவர்களுக்கு அது எப்படியிருக்கும் என்று தெரியும். ஈர விறகு புகையும். ஊதுகுழலை வாயில் வைத்து ஊதும்போது கண்ணீர் வழியும். ஓட்டுக்கூரையின் மரச்சட்டங்களில் கரி ஒட்டடையாகத் தொங்கும். ராமநாதனும் தம் பாட்டி அப்படி அடுப்பின் முன்னால் உட்கார்ந்து இருமியதைப் பேட்டிகளில் நினைவுகூர்ந்திருக்கிறார். வீட்டுப் புகையால் 2020-ல் உலகெங்கும் 32 லட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. பெண்களும் குழந்தைகளும்தான் அந்தப் புகைக்கு அதிகம் ஆளாகிறவர்கள்.

2009-ல் உத்தரப் பிரதேச கிராமம் ஒன்றில் 'சூர்யா' என்ற திட்டத்தை ஆரம்பித்தார். புகை குறைந்த அடுப்பைக் கொடுத்துவிட்டு, காற்றில் கரி எவ்வளவு குறைகிறது என்று அளப்பது நோக்கம். விலையுயர்ந்த கருவிகளை வீட்டுக்கு வீடு வைக்க முடியாது. வடிதாளில் படிந்த கரியைச் செல்போனில் படம் எடுத்து, அதன் கருமையை வைத்தே அளவைக் கண்டுபிடிக்கும் முறை உருவானது. அதில் அவருடைய மகள் நித்யாவின் பங்கு பெரிது. திட்டம் எல்லா இடத்திலும் நினைத்தபடி நடக்கவில்லை. புதிய அடுப்பு பழுதானால் பெண்கள் பழைய அடுப்புக்கே திரும்பினார்கள். அடுப்பை வடிவமைக்கும்போது அதில் சமைக்கப்போகிறவரைக் கேட்காவிட்டால் எந்த ஆய்வகமும் வெற்றி பெறாது. பிறகு ஒடிசாவில், அடுப்பில் சென்சார் வைத்து, எவ்வளவு நேரம் பயன்படுத்தினார்களோ அதற்கேற்பப் பெண்களின் கணக்கில் நேரடியாகப் பணம் சேர்க்கும் முறையை முயன்றார்கள். 2016-ல் தொடங்கிய உஜ்வலா திட்டத்தில் கோடிக்கணக்கான வீடுகளுக்கு சிலிண்டர் போய்ச் சேர்ந்தது. அடுத்த சிலிண்டர் வாங்கக் காசு இருக்கிறதா என்பதில்தான் மீதிப் பாதை இருக்கிறது.

ராமநாதன் ஏன் இதில் இவ்வளவு பிடிவாதம் காட்டுகிறார்? கார்பன் டை ஆக்சைடை இன்றைக்கே நிறுத்தினாலும், ஏற்கெனவே விட்டதில் ஒரு பகுதி நூற்றாண்டுகளுக்குக் காற்றில் இருக்கும். கரித்துகள் ஒரு வாரத்தில், இரண்டு வாரத்தில் கீழே விழுந்துவிடும். கீழ் ஓசோன் சில வாரங்கள். மீத்தேன் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள். நிறுத்தினால் பலன் நம் கண் முன்னாலேயே தெரியும். 2012-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பன்னாட்டு ஆய்வு, மீத்தேனையும் கரியையும் குறைக்கும் பதினான்கு நடவடிக்கைகளை மட்டும் எடுத்தாலே 2050-க்குள் சுமார் அரை டிகிரி வெப்ப உயர்வைத் தவிர்க்கலாம் என்றது. சி.எஃப்.சி.க்கு மாற்றாக வந்த எச்.எஃப்.சி. வாயுக்கள் ஓசோனைத் தொடாவிட்டாலும் பூமியைச் சூடாக்குபவை. அவற்றையும் படிப்படியாகக் குறைக்க 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் உலக நாடுகள் ஒப்புக்கொண்டன. ஓசோனுக்காகப் போட்ட மான்ட்ரியல் ஒப்பந்தம், செகந்திராபாத்தில் கசிவைத் தேடியவர் 1975-ல் சொன்ன காரணத்துக்காகவே இப்படி விரிந்தது.

ஆனால் புகையைத் துடைப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. வெண்மையான சல்பேட் துகள்கள் இத்தனை காலமும் வெயிலைத் திருப்பி அனுப்பி, பசுமைக்குடில் வாயுக்களின் சூட்டில் ஒரு பகுதியை மறைத்துவந்திருக்கின்றன. ராமநாதனும் யான் ஃபெங்கும் 2008-ல் போட்ட கணக்கின்படி, 2005 வரை காற்றில் விட்ட வாயுக்களே மொத்தம் 2.4 டிகிரி உயர்வுக்குப் போதுமானவை. அதில் கணிசமான பகுதி இந்தத் திரைக்குப் பின்னால் ஒளிந்திருந்தது. சல்பேட் நுரையீரலுக்கு நஞ்சு, அதை விட்டுவைக்க முடியாது. எடுத்தால் மறைந்திருந்த சூடு வெளியே வரும். அதனால்தான் கந்தகத்தைக் குறைக்கும்போது கரியையும் மீத்தேனையும் கூடவே குறைத்தாக வேண்டும் என்கிறார்.

அந்தத் திரையை விலக்கினால் என்ன ஆகும் என்பது இப்போது வெறும் கணக்கு மட்டும் அல்ல. 2020 ஜனவரி 1 முதல் உலகக் கப்பல்களின் எரிபொருளில் கந்தகத்தின் உச்சவரம்பு 3.5 சதவீதத்திலிருந்து 0.5 சதவீதத்துக்கு இறங்கியது. கப்பல் பாதைகளுக்கு மேலே இருந்த மேகங்கள் அதற்குப் பிறகு எப்படி மாறின என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)